உதட்டைப் பார்த்துக் கேட்பது: வீட்டிலும் கணினியிலும் நாம் செய்யும் தவறுகள்

சோமனூர், பல்லடம், குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தறிக் குடோனுக்குள் போய் வந்தவர்களுக்குத் தெரியும். விசைத்தறிகள் ஓடும்போது சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். புதிதாகப் போகிறவருக்குப் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அங்கேயே வேலை செய்கிறவர்களோ நாலு தறி தள்ளி நின்றுகொண்டு நூல் அறுந்ததையும் டீ வந்ததையும் சொல்லிக்கொள்வார்கள். ஒருவர் வாயை நன்றாகத் திறந்து சொல்ல, இன்னொருவர் அந்த வாயைப் பார்த்தே பிடித்துக்கொள்கிறார். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் தறி ஓட்டிய பெண்களும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

இதைத் தறிக்காரர்களுக்கோ காது கேளாதவர்களுக்கோ மட்டும் உரிய திறமை என்று நினைப்பதுதான் முதல் தவறு. பார்வை உள்ள எல்லோரும் இதைச் செய்கிறோம், செய்கிறோம் என்று தெரியாமலே. 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ‘பம்பரம்’ என்பதில் இரண்டாவது ‘ப’ ஒலிக்கும் விதமாக ஒரு குரல். திரையில் தெரியும் வாயோ ‘சங்கம்’ என்பதில் வரும் ‘க’வைச் சொல்கிறது. பார்த்துக்கொண்டே கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் இரண்டையும் சொல்லவில்லை. ‘பந்தல்’ என்பதில் வரும் ‘த’ போன்ற மூன்றாவது ஒலியைக் கேட்டதாகச் சொன்னார்கள். கண்ணை மூடினால் குரல் சரியாகக் கேட்கும். திறந்தால் மறுபடியும் மாறிவிடும். பிறகு 1997-இல் மூளைப் படங்களை வைத்துச் செய்த ஆய்வில், சத்தமே இல்லாமல் வாயசைவை மட்டும் பார்க்கும்போதும் மூளையின் கேட்கும் பகுதி வேலை செய்வது தெரியவந்தது.

கண் ஒன்றைத் தரும், காது ஒன்றைத் தரும்

சரி, உதடு எதைக் காட்டும், எதைக் காட்டாது? இது தெரியாமல்தான் மற்ற எல்லாத் தவறுகளும் வருகின்றன. மாடு, நாடு, பாடு என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தால் மாடும் பாடும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டுக்கும் உதடு மூடித் திறக்கிறது; மூக்கு வழியாகக் காற்று போவது வெளியே தெரியாது. நாடு மட்டும் தனியாகத் தெரியும், ஏனென்றால் அதில் உதடு மூடுவதில்லை. இப்போது இரைச்சலுக்கு நடுவே காதால் மட்டும் கேளுங்கள். குழம்புவது வேறு ஜோடி. மாடும் நாடும் ஒன்றாகக் கேட்கும். பாடு தனியாக நிற்கும்.

அதாவது கண் எங்கே தடுமாறுகிறதோ அங்கே காது தெளிவாக இருக்கிறது; காது தடுமாறும் இடத்தில் கண் தெளிவாக இருக்கிறது. வாயில் எந்த இடத்தில் ஒலி பிறக்கிறது என்ற செய்தி இரைச்சலில் சீக்கிரம் அழிந்துபோகும். அந்தச் செய்தியைத்தான் உதடு நன்றாகக் காட்டுகிறது. குரல்நாண் அதிர்கிறதா, மூக்கொலியா என்பதை உதடு காட்டவே காட்டாது, அது சத்தத்தில் ஓரளவு தாங்கி நிற்கும். கண்ணும் காதும் ஒன்றுக்கொன்று மாற்று ஆள் இல்லை, ஆளுக்குப் பாதி வேலை. நான் இந்த விஷயத்தில் ஒன்றே ஒன்றைச் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

அதனால், உதட்டை மட்டும் பார்த்தே ஒருவர் எல்லாவற்றையும் படித்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது தவறு. க, ங போன்றவை தொண்டைப் பக்கம் பிறக்கின்றன. ல, ள, ழ மூன்றுக்கும் வேறுபாடு நாக்கு மடியும் இடத்தில்தான். ட, ண இரண்டிலும் நாக்கு உள்ளே மடிகிறது. இவை எதுவும் வெளியே சரியாகத் தெரியாது. கைதேர்ந்தவர்களும் பேச்சின் போக்கை வைத்து ஊகித்துத்தான் நிரப்புகிறார்கள். அப்புறம் அவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால், “வாயைப் பாத்துட்டே இருந்தீங்களே, புரியலையா?” என்று கேட்பது நியாயம் இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சத்தம் தெளிவாகக் கேட்கவில்லை என்பதால் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுவது. “வெறும் இரைச்சல்தான் கேக்குது, நான் வாயைப் பாத்துக்கறேன்” என்பார்கள். அந்த அரைகுறைச் சத்தம்தான் மாட்டையும் பாட்டையும் பிரிக்கிறது. 1954-இல் சம்பி, போலாக் இருவரும் செய்த ஆய்வு, இரைச்சல் ஏற ஏற முகத்தைப் பார்ப்பதன் பயனும் ஏறும் என்று காட்டியது. 2007-இல் வந்த ஆய்வு அதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. சத்தம் முழுக்க அமுங்கிப்போன நிலையைவிட, கொஞ்சமாவது காதில் விழும் நடுநிலையில்தான் பார்வையால் கிடைக்கும் லாபம் உச்சத்தைத் தொடுகிறது என்று கண்டது. கருவி தரும் கொஞ்சச் சத்தத்தைக் குறைவாக மதிக்கக் கூடாது.

வீட்டில் நடப்பது

அப்புச்சிக்குக் காது மந்தம். பேரன் என்ன செய்கிறான்? அவர் காதோடு வாயை வைத்துக் கத்துகிறான். அவன் முகம் அவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது, கண்ணால் அவர் கேட்டுக்கொண்டிருந்த பாதியும் போய்விடுகிறது. கத்தும்போது உயிரெழுத்துகள்தான் பெரிதாகும். அவருக்குக் கேட்காமல் போனது மெல்லிய, கீச்சுத்தன்மை கொண்ட மெய்யொலிகள். அவை கத்துவதால் பெரிதாகக் கூடுவதில்லை. ஓர் அடி பின்னால் வந்து, எதிரில் உட்கார்ந்து, சாதாரணக் குரலைவிடச் சற்று உயர்த்தி, சற்று நிதானமாகப் பேசினாலே போதும்.

வெளிச்சம் இன்னொன்று. ஆசாரத்தில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசினால், பேசுகிறவர் முகம் கறுத்துத்தான் தெரியும். வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழ வேண்டும். கேட்கிறவர் வாசலுக்கு முதுகு காட்டி உட்காரட்டும். இதை மாற்றக் காசு செலவில்லை, இடம் மாறி உட்கார்ந்தால் போதும். கண்ணில் புரை இருந்தாலோ பழைய பவர் கண்ணாடியையே போட்டுக்கொண்டிருந்தாலோ கேட்பதும் குறையும். “காது இன்னும் மோசமாயிருச்சு” என்று சொல்லும் முன் கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

ஒரு சொல் புரியவில்லை என்றால் அதையே ஐந்து முறை சொல்வது எல்லா வீட்டிலும் நடக்கிறது. “கணக்கு, கணக்கு” என்று எத்தனை முறை சொன்னாலும் உதட்டில் தெரிய அதில் ஒன்றுமே இல்லை. “வரவு செலவு நோட்டுங்க அப்புச்சி” என்று மாற்றிச் சொன்னால் ‘வ’வில் கீழுதடு பல்லைத் தொடுவது தெரியும், பொருளும் பிடிபடும். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. ஒவ்வொரு எழுத்தாகப் பிய்த்து, வாயைக் கோணி மிகைப்படுத்திச் சொல்வது உதவாது. இயல்பான பேச்சில் ஓர் ஒலியிலிருந்து அடுத்ததற்கு வாய் போகும் விதத்தைத்தான் நம் கண் படிக்கப் பழகியிருக்கிறது. வெற்றிலையை அதக்கிக்கொண்டு பேசுவது, மேலுதட்டை மூடும் மீசை, கையை வாய்க்குக் கொடுத்துக்கொண்டு பேசுவது, பஞ்சுத் தூசிக்குப் போட்ட முகமூடியோடு பேசுவது எல்லாம் இதே கணக்கில் வரும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வீடியோ காலில் பேசும்போது படமும் குரலும் ஒத்துவராமல் போவதுண்டு. ஒளி ஒலியைவிட வேகமானது, அதனால் குரல் கொஞ்சம் பிந்தி வருவதை மூளை பொறுத்துக்கொள்ளும். முந்தி வந்தால் பொறுக்காது. ஒளிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரை ஒன்று, குரல் 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், பிந்தினால் 125 வரை தெரியாது என்கிறது. புளூடூத் ஹெட்செட் போட்டுக்கொண்டு டிவி பார்க்கும் பெரியவர் “உதடும் பேச்சும் சேரமாட்டேங்குது” என்று சொன்னால் அவரைக் குறை சொல்லாமல் டிவியின் அமைப்பில் ஒலித் தாமதத்தைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் வயர் ஹெட்செட்டுக்கு மாறுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ஒரு சொல். நாலு மாதம் முதல் எட்டு மாதம் வரையுள்ள குழந்தைகள் பேசுகிறவர் கண்ணிலிருந்து பார்வையை வாய்க்கு மாற்றுவதை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. பேச்சு பழகும் அந்த நாட்களில் ஃபோனைப் பார்த்துக்கொண்டே பேசாமல் முகத்தைக் காட்டிப் பேசுங்கள்.

தறிக்காரர்களிடம் நான் வருத்தத்தோடு பார்க்கும் தவறு வேறு. வாயைப் பார்த்தே சமாளித்துவிடுவதால் காது போய்க்கொண்டிருப்பது அவர்களுக்கே தெரிவதில்லை. இரைச்சலால் காது போகும்போது, கேட்கும் திறனில் வழக்கமாக 4000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சு ஒலிகளின் பக்கம்தான் முதலில் குழி விழும். மெய்யொலிகளின் தெளிவு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. எதிரில் நின்று பேசினால் எல்லாம் சரியாக இருக்கும். முதுகுப் பக்கம் கூப்பிட்டாலோ ஃபோனில் பேசினாலோதான் குட்டு வெளிப்படும். அந்த இரண்டும் தடுமாறினால் காது பரிசோதனைக்குப் போய்விட வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பைத் தொழில்நோயாகவே பட்டியலிட்டது. “காதுக்கு அடைப்பான் வெச்சா பேச்சு கேக்காது” என்று மறுப்பதும் சரியில்லை. நல்ல காது உள்ளவருக்கு அடைப்பான் தறிச் சத்தத்தையும் பேச்சையும் சேர்த்தே குறைக்கிறது. உதட்டையும் பார்த்தால் பேச்சு புரியும். ஏற்கெனவே காது குறைந்தவர் எந்த வகை அடைப்பான் என்று நிபுணரிடம் கேட்டு வாங்கலாம்.

கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும்போது

கோவையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் படிப்பவர்கள் தமிழ்ப் பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் செய்ய நினைக்கும்போது, கேமராவையும் சேர்த்தால் என்ன என்ற யோசனை வரும். நல்ல யோசனைதான். 1984-இலேயே எரிக் பெட்டஜன் உதட்டசைவை வைத்து இயந்திரத்தின் பேச்சறிதலை மேம்படுத்திக் காட்டினார். ஆனால் அன்று முதல் இன்று வரை சில குழிகளில் ஆட்கள் திரும்பத் திரும்ப விழுகிறார்கள்.

பெரிய குழி, தெளிவான ஒலியையும் படத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பயிற்றுவிப்பது. ஒலியே போதும் என்றால் மாடல், அதாவது நாம் பயிற்றுவிக்கும் மென்பொருள், படத்தைத் தொடவே தொடாது. சோதனையில் எண்கள் அழகாக வரும். தறிச் சத்தத்தில் கொண்டுபோய் வைத்தால் கேமரா இல்லாத மாடல் போலவே தடுமாறும். பயிற்சியின்போதே சில சமயம் ஒலியை, சில சமயம் படத்தை முழுக்க மறைத்துவிட வேண்டும்; 2022-இல் மெட்டா நிறுவனம் வெளியிட்ட ஏவி-ஹியூபர்ட் என்ற மாடல் இந்த உத்தியைப் பயன்படுத்துகிறது. முடிவைச் சொல்லும்போதும் ஒலி மட்டும், படம் மட்டும், இரண்டும் சேர்ந்து என மூன்றாகப் பிரித்து, ஒவ்வோர் இரைச்சல் அளவுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒரே ஒரு சதவீதத்தைச் சொல்லிவிட்டுப் போனால் உதடு உதவியதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

அமைதியான அறையில் பதிவுசெய்த பேச்சின் மேல் தறிச் சத்தத்தை ஒட்டிவைப்பது அடுத்தது. இரைச்சலுக்குள் நிற்கும் மனிதர் அப்படிப் பேச மாட்டார். குரலை உயர்த்துவார், உயிரொலிகளை நீட்டுவார், வாயைப் பெரிதாகத் திறப்பார். 1911-இல் எதியென் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். குரலும் மாறுகிறது, உதடும் மாறுகிறது. எனவே உண்மையான குடோனில், அனுமதி வாங்கி, கொஞ்சமாவது பதிவுசெய்ய வேண்டும். முடியாவிட்டால் பேசுகிறவர் காதில் ஹெட்ஃபோன் வழியாகத் தறிச் சத்தத்தை அளவோடு ஒலிக்கவிட்டுப் பேசச் சொல்லலாம்.

ஃபோனில் எடுத்த வீடியோ வெளிச்சம் குறைந்தால் விநாடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். ஒலிப்பக்கம் பொதுவாக விநாடிக்கு 100 துண்டு, படப்பக்கம் 25 என்று வைத்து நாலுக்கு ஒன்றாகச் சேர்ப்பார்கள். வேகம் மாறும் வீடியோவில் இந்தக் கணக்கு மெல்ல நழுவும். பதிவுசெய்யும்போது தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கைதட்டச் சொல்லி வைத்தால் நழுவல் உடனே தெரிந்துவிடும்.

வெளிநாட்டு முடிவுகளை அப்படியே நம்புவதும் உண்டு. 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களின் லிப்நெட் என்ற உதடு படிக்கும் மாடல் 95.2 சதவீதம் சரியாகப் படித்தது என்று பேசப்பட்டது. அது கிரிட் என்ற வீடியோ பதிவுத் தொகுப்பில். 34 பேர், ஆறு சொல் வாக்கியங்கள், ஒவ்வோர் இடத்திலும் இன்ன வகைச் சொல்தான் வரும் என்ற கட்டுப்பாடு. நாட்டு வழக்கில் “ஏனுங்ணா, அந்தப் பாவு வந்துருச்சுங்ளா” என்று ஒருவர் கேட்பது வேறு உலகம். பெரிய பொதுத் தொகுப்புகளில் ஒன்றான எல்ஆர்எஸ்3, மேடையில் நல்ல வெளிச்சத்தில் ஆங்கிலத்தில் பேசும் டெட் உரைகளிலிருந்து எடுக்கப்பட்டது. மொழிக்கு மொழி கண்ணுக்குக் கொடுக்கும் எடையும் மாறலாம். ஜப்பானியர்களிடம் மெக்கர்க் விளைவு, அதாவது முதலில் சொன்ன சோதனையில் வாயைப் பார்த்துக் கேட்கும் ஒலி மாறிப்போவது, குறைவாக இருப்பதை 1991-இலேயே காட்டியிருக்கிறார்கள். பேச்சுத்தமிழில் பேசுவதை எழுத்துத்தமிழாக மாற்றி எழுதிவைத்துப் பயிற்றுவித்தாலோ நிலைமை இன்னும் மோசம். வாய் அசைந்த விதம் ஒன்று, எழுதியிருப்பது வேறொன்று. பேசியதைப் பேசியபடியே எழுத ஆட்களைப் பழக்க வேண்டும், ஒரே ஆளின் பதிவு பயிற்சியிலும் சோதனையிலும் வராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, சிசிடிவியில் ஒலியில்லாமல் பதிவான உதட்டை இயந்திரத்திடம் கொடுத்து “என்ன பேசினார்கள்” என்று கேட்கும் ஆசை. கேமரா மேலே இருக்கும், முகம் சாய்ந்திருக்கும், படம் விட்டுவிட்டு ஓடும். அதோடு இன்றைய மாடல்களுக்குள் எந்தச் சொல்லுக்குப் பின் எது வரும் என்ற மொழிப் பழக்கமும் சேர்ந்தே இருப்பதால், தெரியாத இடத்தையும் சரளமான வாக்கியமாக நிரப்பித் தந்துவிடும். படிக்கிறவருக்கு எது பார்த்தது, எது நிரப்பியது என்று தெரியாது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-இல் லட்ரெல் வழக்கில், உதடு படிக்கும் நிபுணரின் சாட்சியத்தை ஏற்கலாம், ஆனால் அதில் தவறு வரும் வாய்ப்பைப் பற்றி ஜூரிக்கு நீதிபதி தனியாக எச்சரிக்க வேண்டும் என்றது. நாம் செய்யும் மென்பொருளும் ஒவ்வொரு சொல்லுக்கும் அது எவ்வளவு உறுதி, உதட்டளவில் ஒத்திருக்கும் மற்ற சொற்கள் எவை என்பதைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். அதைக் காட்டாத கருவியை ஒருவர் வேலையையோ வழக்கையோ தீர்மானிக்க யாரும் பயன்படுத்தக் கூடாது.