கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் சேந்துட்டீங்களா? மதுரையில இருந்துக்கிட்டு அத உருப்படியா படிக்கிறது எப்படி

சிவில் முடிச்சிட்டு எம்.இ.ல கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் எடுத்துருக்கேன்னு சொன்னா சொந்தக்காரவுங்க கேக்குற மொத கேள்வி, "அப்ப பிளான் போட்டுத் தர மாட்டியா?"ங்கிறதுதான். மாட்டேன் மாமா. ஸ்ட்ரக்சுரல் எடுத்தவங்க பீம்ல எத்தனை கம்பின்னு சொல்லுவாங்க, நாம அந்தக் கம்பி என்னைக்கு சைட்டுக்கு வரணும், யாரு கட்டணும், என்ன செலவாகும், லேட்டானா யாரு தலையில விழும்னு சொல்லணும். இத வீட்ல புரியவைக்கிற வேலைய விட்ருங்க, டிகிரி வாங்குனப்புறம் அவுகளே பெருமையா சொல்லிக்குவாக.

எம்.இ.க்கு நுழைவுத் தேர்வான கேட் (GATE) எழுதியோ சீட்டா (CEETA) எழுதியோ சேந்துட்டீங்கன்னு வச்சுக்குவோம். மொத செமஸ்டர்லயே எல்லாரும் ஓடுறது பிரைமவேராங்கிற ஷெட்யூல் போடுற சாஃப்ட்வேர் கிளாஸுக்கு. நான் சொல்றது அதுக்கு நேர் எதிரு. சாஃப்ட்வேர பைய கத்துக்கலாம். இந்தப் படிப்பு சுத்திச் சுத்தி ஒரே ஒரு நம்பர்ல போய் நிக்கும், இந்த வேலைக்கு எத்தனை நாள்ங்கிறதுதான் அது. சிபிஎம், பெர்ட்ங்கிற ரெண்டு ஷெட்யூல் முறை, கிரிட்டிக்கல் பாத் (லேட்டானா மொத்தத்தையும் லேட்டாக்குற வேலைக வரிசை), ஃப்ளோட் (ஒரு வேலை எத்தனை நாள் தள்ளிப் போகலாம்ங்கிறது) எல்லாம் அந்த நம்பர் கைக்கு வந்ததுக்கு அப்புறம் போடுற கூட்டல் கழித்தல்தான். புக்ல "ஆக்டிவிட்டி ஏ, 5 நாள்"னு போட்டுருப்பாய்ங்க. எவன் சொன்னான் 5 நாள்னு? அதத் தேடிப் போறதுதான் ரெண்டு வருசப் படிப்பே.

சிபிஎம் 1957 வாக்குல டூபாண்ட் கம்பெனிக்காரங்க உருவாக்குனது. கெமிக்கல் பிளான்ட் கட்டுறதும் ரிப்பேர் பாக்குறதும் அவங்களுக்குப் பழகுன வேலை, எதுக்கு எத்தனை நாள்னு கையில கணக்கு இருந்துச்சு. பெர்ட் 1958ல அமெரிக்க நேவி போலாரிஸ் ஏவுகணைக்குப் போட்டது, அத அதுக்கு முன்னாடி யாரும் செஞ்சதில்ல, அதனாலதான் சீக்கிரம் முடிஞ்சா, சாதாரணமா, இழுத்தடிச்சான்னு மூணு நம்பர் கேக்குது. பரீட்சையில ரெண்டுக்கும் வித்தியாசம் எழுதச் சொன்னா டேபிள் போட்டு மனப்பாடமா எழுதுவோம்ல, அத நம்ம ஊர்ல வச்சுப் பாத்தா சட்டுனு புரியும். செவுரு கட்டுறது சிபிஎம் வேலை, எல்லா மேஸ்திரிக்கும் நாள் தெரியும். மேலூர் பக்கம் வானம், அதாவது அஸ்திவாரக் குழி தோண்டுறது பெர்ட் வேலை, ரெண்டடியில பாறை தட்டுனா ஜேசிபி போயி பிரேக்கர் வரணும். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் போனா கரிசல், மழை பேஞ்சா வண்டியே உள்ள இறங்காது. ஒரே அளவு வீடுதான், ஆனா வானத்துக்கு ஒரே நாள்க் கணக்குப் போட முடியாது.

அடுத்து அந்த நம்பர எப்படி எடுக்குறதுங்கிறது. ஐஎஸ் 7272ன்னு ஒரு கோட் (இந்தியத் தர விதி) இருக்கு, எந்த வேலைக்கு எவ்வளவு ஆள்னு சொல்றது, அதோட மொத பாகம் வடக்கு மண்டலத்துக்கு 1974ல போட்டது. எஸ்டிமேஷன் புக்ஸ்ல ஒரு கொத்தனார் ஒரு நாளைக்கு 1.25 கன மீட்டர் செங்கல் வேலை பாப்பாருன்னு இருக்கும். இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கங்க, தப்பில்ல. ஆனா உங்க தெருவுலயே ஒரு வீடு ஏறிக்கிட்டு இருக்கும் பாருங்க, அங்க ஒரு நாள் முழுக்க உக்காருங்க. காலையில 9 மணிக்கு செவுரு எத்தனை வரி இருந்துச்சு, 11 மணி டீக்கு எத்தனை, மத்தியானம் எத்தனை, சாயங்காலம் எத்தனை, எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், அவ்வளவுதான் எழுதணும்.

எழுத ஆரம்பிச்சா ஒன்னு கண்ணுல படும். கீழ இருந்து நாலடி வரைக்கும் செவுரு மளமளன்னு ஏறும், அதுக்கு மேல சாரம் கட்டணும், கல்லத் தூக்கி மேல குடுக்கணும், கலவை மேல போகணும், வரி ஏறுற வேகம் அப்பிடியே குறையும். ரெண்டு கொத்தனாருக்கு ஒரே ஒரு அக்கா கலவை சுமந்தாங்கன்னா கொத்தனாரு கரண்டிய வச்சுட்டு நிக்கிறதையும் பாப்பீங்க, தூக்குக்குண்டு மட்டும் காத்துல ஆடிக்கிட்டு இருக்கும். கூடுதலா ஒரு சித்தாள் சம்பளத்த மிச்சம் பண்றேன்னு ஓனரு ரெண்டு கொத்தனார் சம்பளத்த நிக்க வச்சுக் குடுத்துக்கிட்டு இருப்பாரு. ரிசோர்ஸ் பேலன்சிங்னு ஒரு யூனிட் முழுக்க நடத்துறது இதத்தான்.

சைட்டுக்குள்ள போறதுக்கு ஒரு முறை இருக்கு. மொத மேஸ்திரிகிட்ட போயி "அண்ணே, காலேஜ்ல படிக்கிறேன், ஒரு ஓரமா நின்னு பாத்துக்கிறட்டா"ன்னு கேளுங்க, இஞ்சினியர் பேரச் சொல்லிக்கிட்டு போகாதீங்க. போன எடுத்து வீடியோ புடிக்காதீங்க, எவனோ கம்ப்ளைண்ட் குடுக்க வந்துருக்கான்னு நெனச்சுருவாக. கேள்வியெல்லாம் டீ நேரத்துல கேளுங்க, அப்பதான் பதில் வரும். கலவையில தண்ணி ஜாஸ்தியா ஊத்துனா ஆளுக முன்னாடி "வாட்டர் சிமென்ட் ரேஷியோ"ன்னு ஆரம்பிக்காம, அப்புறமா தனியா "ஏண்ணே இவ்வளவு தண்ணி?"ன்னு கேட்டுப் பாருங்க, "தாயி, வெயிலப் பாத்தியா, கலவை மேல போறதுக்குள்ள இறுகிருதுல்ல"ம்பாரு. அது சரியான பதில் இல்லதான், ஆனா பிரச்சனை எங்க இருக்குன்னு காட்டுற பதில். கலக்குற எடத்துக்கும் போடுற எடத்துக்கும் தூரம் ஜாஸ்தி, அதக் குறைக்கிறது நம்ம வேலை.

பொண்ணுங்களுக்குத் தனியா ஒன்னு. "வெயில்ல எதுக்கும்மா வர்ற, ஆபீஸ்ல உக்காரு"ன்னு சொல்லத்தான் செய்வாக, நல்லெண்ணத்துல சொல்றவுகளும் உண்டு. தலைய ஆட்டிட்டு மேல ஏறிப் போயிருங்க. பாத்ரூம் இருக்குற சைட்டானு மட்டும் மொதல்லயே விசாரிச்சுக்கங்க, இத எந்த சிலபஸ்லயும் சொல்ல மாட்டாங்க.

இனி கொஞ்சம் கணக்கு, ஏன்னா அளவு தெரியாம நாள் தெரியாது. 30க்கு 40 அடி தளம், 5 இஞ்ச் கனம்னு வைங்க. 500 கன அடி, அதாவது 14.16 கன மீட்டர், பீம் தனி. எம்20 காங்கிரீட்டுக்கு சிமென்ட், மணல், ஜல்லி 1:1.5:3 கலவைன்னா, காஞ்ச சரக்குக் கணக்குக்கு 1.54ஆல பெருக்கி, மொத்தப் பங்கு 5.5ஆல வகுத்தா சிமென்ட் 3.96 கன மீட்டர் சொச்சம், கன மீட்டருக்கு 1440 கிலோன்னு பெருக்குனா 5700 கிலோ, 114 மூட்டை. கன மீட்டருக்கு 8 மூட்டைன்னு மனசுல வச்சுக்கிட்டா வாய்க்கணக்காவே சொல்லிறலாம். மணல் 2.1 யூனிட்டு, ஜல்லி 4.2 யூனிட்டு, சேதாரம் சேத்துக்கங்க. நம்மூர்ல யூனிட்டுன்னா 100 கன அடி, புக்ல கன மீட்டர், இந்த ரெண்டுக்கும் நடுவுல மாத்தத் தெரியாம சைட்ல நின்னா சின்னப் பையன் கூட சிரிப்பான். லாரி வந்தா எம்சாண்ட் பில்ல நம்பாம டேப்ப வச்சு நீளம் அகலம் உயரம் அளந்து பாருங்க. கம்பிக்கு விட்டத்த விட்டத்தால பெருக்கி 162ஆல வகுக்குறது தெரியும்ல, 12 எம்எம் மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் கம்பி ஒன்னு பத்தரை கிலோவுக்கு மேல நிக்கணும், குறைஞ்சா கேளுங்க.

அதே தளத்துக்கு, காங்கிரீட்டுக்கான கோட் ஐஎஸ் 456 படி, பலம் டெஸ்ட் பண்ண எத்தனை கியூப் (காங்கிரீட் கட்டி) எடுக்கணும்? 6ல இருந்து 15 கன மீட்டர் வரைக்கும் ரெண்டு சாம்பிள், சாம்பிளுக்கு மூணு கியூப், அப்ப 28 நாள் டெஸ்ட்டுக்கு ஆறு. 7 நாள் பாக்கணும்னா அதுக்குத் தனி. இன்டர்வியூல கேட்டே தீருவாய்ங்க.

இப்ப ஷெட்யூலுக்கு வருவோம், எல்லாரும் சொதப்புற எடம். தளம் போட்டாச்சு, முட்டு எப்ப எடுக்குறது? ஐஎஸ் 456ல நாலரை மீட்டர் ஸ்பான் வரைக்கும் 7 நாள், அதுக்கு மேலன்னா 14 நாள், பீமுக்கு 6 மீட்டர் வரைக்கும் 14, அதுக்கு மேல 21. இந்தக் காத்திருக்குற நாள ஷெட்யூல்ல லேக்னு போடுவோம். அங்கதான் விசயமே. உங்க பிராஜெக்ட் காலண்டர்ல ஞாயித்துக்கெழமை லீவு, சாஃப்ட்வேர் அந்த 14 நாள வேலை நாளா எண்ணி 16 நாள் ஆக்கிரும். காங்கிரீட்டு ஞாயித்துக்கெழமை லீவு எடுக்குமா? முட்டு ரெண்டு நாள் சும்மா நிக்கும், அடுத்த மாடிக்குப் பலகை இல்லாம சென்ட்ரிங் ஆளுக வேற சைட்டுக்குப் போயிருவாக. எம்எஸ் பிராஜெக்ட்ல எலாப்ஸ்டு டேஸ்னு (லீவையும் சேத்து எண்ணுற நாள்) குடுக்கணும், பிரைமவேராவுல லேக் எந்தக் காலண்டர்ல எண்ணணும்னு ஷெட்யூல் ஆப்ஷன்ல மாத்தலாம். கியூரிங்க ஒரு ஆக்டிவிட்டியா போட்டு அதுக்கு ஏழு நாள் காலண்டர் குடுக்குறது இன்னும் நல்லது, தண்ணி யாரு ஊத்துறதுங்கிற கேள்வியும் அதுல வந்துரும். காசு இல்லாதவுங்க பிராஜெக்ட்லிப்ரேவ டவுன்லோட் பண்ணுங்க, ஃப்ரீ, பழகுறதுக்கு அது போதும்.

காலண்டர்னு சொன்னதும் ஞாபகம் வருது, அரசு லீவு லிஸ்ட்ட மட்டும் ஏத்தி வச்சுட்டு மதுரைக்கு ஷெட்யூல் போட்டேன்னு சொல்லாதீங்க. சித்திரைத் திருவிழா வந்தா அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு மட்டும் ஆள் வராதுன்னு நெனப்பீங்க, முன்ன பின்ன சேத்து சைட்டு காத்தாடும். பொங்கல்னா அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்னு மூணு நாளும் ஜல்லிக்கட்டு, அப்புறம் மாட்டப் பத்திப் பேசவே ஒரு நாள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பொங்கல், ஒரு முளைப்பாரி, உங்க மேஸ்திரி எந்த ஊருன்னு தெரிஞ்சு வச்சா லீவு எப்பன்னு தெரியும். வடநாட்டு ஆளுகளா இருந்தா ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ரயில் ஏறிருவாக. ஆடியிலயும் மார்கழியிலயும் புதுசா வீடு ஆரம்பிக்க மாட்டாக, அதனால தையில எல்லாரும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சு கொத்தனார் கெடைக்காது. ஐப்பசி கார்த்திகையில வடகிழக்கு மழை. தளத்தையும் வானத்தையும் அங்க போடாம உள்பூச்சு, ஒயரிங்னு கூரைக்குக் கீழ இருக்குற வேலைய அங்கிட்டுத் தள்ளி வைங்க.

கான்ட்ராக்ட், டெண்டர் பேப்பர் தூக்கம் வரும், தெரியும். ஒரே வழிதான், தமிழ்நாடு அரசு டெண்டர் சைட்டுக்குப் போயி மதுரை சம்பந்தப்பட்ட ஒரு சின்ன வேலையோட டாக்குமென்ட்ட எறக்கி, அதுல இருக்குற பிஓக்யூவ (வேலையும் அளவும் போட்ட பட்டியல்) வச்சுக்கிட்டு பாடத்தப் படிங்க. டெண்டர் வெளிப்படைச் சட்டம் 1998, இஎம்டி (டெண்டருக்குக் கட்டுற முன்பணம்), ரிட்டென்ஷன் (பில்லுல புடிச்சு வைக்கிற பணம்), ஆர்ஏ பில் (வேலை நடக்க நடக்கப் போடுற பில்), எம்-புக் (அளவு எழுதுற புக்) எல்லாம் அதுலயே வந்துரும்.

இன்டர்ன்ஷிப்புக்குப் பெரிய கம்பெனி பேரு ரெசியூம்ல நல்லாருக்கும், ஆனா அங்க உங்கள ஒரு டிபார்ட்மென்ட்ல உக்கார வச்சு எக்செல் நிரப்பச் சொல்லுவாங்க. மொத இன்டர்ன்ஷிப் மூணு நாலு வீடு கட்டுற சின்ன பில்டர்கிட்ட போங்கங்கிறது என் கருத்து. சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் பிரிக்கிற எடத்துல ஒரு தடவை நின்னு பாத்தா கேஷ் ஃப்ளோ பாடம் முடிஞ்சுச்சு. ரெண்டாவது வேணா பெருசுக்குப் போங்க.

எங்க போனாலும் ஹெல்மெட்டும் ஷூவும் உங்க காசுல வாங்கிருங்க. 2021 ஆகஸ்ட்ல நத்தம் ரோடு பறக்கும் பால வேலையில கர்டர் விழுந்து ஒரு தொழிலாளி எறந்துபோனாரு. இன்னைக்கு அந்த 7 கிலோமீட்டர் சொச்சம் பாலத்துல நாம வண்டியில போறோம். தூக்குற வேலை நடக்குதுன்னா அதுக்குக் கீழயோ பக்கத்துலயோ நிக்காதீங்க, எவ்வளவு ஆசையா இருந்தாலும்.

கடைசியா பிராஜெக்ட். நம்ம டிபார்ட்மென்ட்ல தலைமுறை தலைமுறையா ஒரு வழக்கம், கூகுள் ஃபார்ம்ல கொஸ்டினேர் போட்டு, வாட்ஸ்அப்ல தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லாருக்கும் அனுப்பி, ஆர்ஐஐ (எந்தக் காரணம் எவ்வளவு முக்கியம்னு காட்டுற எண்) கண்டுபிடிச்சு, "தாமதத்துக்கு முதல் காரணம் பணம் சரியா வராதது"ன்னு முடிப்போம். இத டீக்கடையில கேட்டாலே சொல்லுவாய்ங்க. அதுக்குப் பதிலா ஒரே வேலைய எடுங்க, பூச்சு வேலையோ சென்ட்ரிங்கோ, ரெண்டு மூணு சைட்ல போட்ட திட்டம் என்ன, நடந்தது என்ன, எந்த நேரம் எதுக்காக நின்னுச்சுன்னு தெனம் குறிச்சு வைங்க. வெயில் காலத்துல மத்தியானத்துக்கு மேல வரி எவ்வளவு குறையுதுங்கிறதே ஒரு நல்ல தலைப்பு, வைவாவுல எக்ஸ்டெர்னல் எதக் கேட்டாலும் நோட்டத் தெறந்து காட்டலாம். கைடுகிட்ட முன்னாடியே ஒத்துக்க வச்சுருங்க, ரெண்டாம் வருசம் ஆரம்பிச்ச ஒடனே சைட்டப் புடிங்க, ஐப்பசி வரைக்கும் தள்ளிப் போட்டா மழையில சைட்டும் நிக்கும் உங்க டேட்டாவும் நிக்கும்.