பாரிஸ் அமெரிக்க நூலகத்துக்குப் போகுமுன்

ஈபிள் கோபுரத்துக்கு அருகே, ஜெனரல் கமூ தெருவில் இருக்கிறது 1920-இல் தொடங்கிய இந்த ஆங்கில நூலகம். முதல் உலகப் போரில் அமெரிக்க வீரர்களுக்காக வந்த புத்தகங்கள்தான் இதன் அடித்தளம். இது சந்தா நூலகம். உறுப்பினர் ஆகாதவர்கள் ஒருநாள் அனுமதிச் சீட்டு வாங்கி உட்கார்ந்து படிக்கலாம்.

எழுத்தாளர் சந்திப்புகள் பெரும்பாலும் மாலையில், உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் உண்டு. அறிவிப்பைப் பார்த்த அன்றே பெயரைப் பதியுங்கள். போக முடியாவிட்டால் பதிவை ரத்து செய்துவிடுங்கள், அந்த இருக்கை இன்னொருவருக்குக் கிடைக்கும்.

பலர் தவறுவது தேதியில்தான். பிரான்சில் நாள் முதலில், மாதம் பிறகு: 05/06 என்றால் ஜூன் 5. அமெரிக்க முறையில் படித்தால் ஒரு மாதம் முன்னாலேயே போய் நிற்பீர்கள். 19h30 என்பது இரவு ஏழரை.

பாரிஸ் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதன் மதியம் விடுமுறை. குழந்தைகளோடு போவதென்றால் அன்றைய நிகழ்ச்சிகளை முதலில் பாருங்கள், கூட்டமும் அன்றுதான்.

ஆர்.இ.ஆர் சி என்ற புறநகர் ரயில் பாதையின் பாண்ட் தெ லால்மா நிலையம் பக்கம். ஆனால் கோடையில் பராமரிப்புப் பணிக்காக நகர மையப் பகுதியில் அந்த ரயில் ஓடாமல் இருப்பது வழக்கம். அப்போது 8-ஆம் மெட்ரோவில் எகோல் மிலிட்டேரில் இறங்கி நடந்துவிடலாம். ஆகஸ்டில் நூலக நேரம் மாறக்கூடும். மே 1, மே 8, ஜூலை 14 பொது விடுமுறைகள். கிளம்பும் காலையில் நூலக இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.