முதல் ஆர்.சி. விமானம்: கடைக்குப் போகும் முன் காட்டைப் பாருங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் முதல் ஆர்.சி. விமானம் (கையில் ரேடியோ கன்ட்ரோலரை வைத்து ஓட்டும் சின்ன விமானம்) வாங்குகிறவர்களில் பாதிப்பேர் வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். யூடியூபில் ஏதோ ஒன்று கண்ணுக்குப் பிடித்துவிடுகிறது, வாங்கிவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்த பிறகுதான் எங்கே பறக்கவிடுவது என்ற யோசனை வருகிறது. பள்ளிக்கூட மைதானமா, லே-அவுட் போட்டு விலைபோகாமல் கிடக்கும் சைட்டா, மாமனார் ஊர்த் தோட்டமா? கைக்கு வரும் காட்டையும், அதாவது திறந்த நிலத்தையும், அங்கே அடிக்கும் காற்றையும் வைத்துத்தான் விமானத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற தவறுகளில் பலவும் இந்த ஒன்றிலிருந்து கிளம்புகிறவைதான்.

நம் ஊர்க் காற்று சாதாரணக் காற்று இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேராகப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று புகுந்து வருகிறது. அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. வைகாசிக் கடைசியில் பிடித்தால் ஆவணி வரைக்கும் விடாது. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்போது, 800 கிராம் ஃபோம் விமானம் எந்த மூலைக்கு? ஆனி, ஆடியில் முதல் விமானம் வாங்கினால் பெட்டியோடு பரண்மேல் வைத்துவிட்டு சிமுலேட்டரில் பழகுங்கள். மார்கழி, தையில் காலை ஏழு மணி, பனி விலகியதும் புல்கூட அசையாமல் நிற்கும் நேரம்தான் புதியவருக்கு.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். பழகுவதற்கான ட்ரெய்னர் விமானம் சாதாரணமாக மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் பறக்கிறது என்று வையுங்கள். எதிர்க்காற்று 25 கி.மீ. அடித்தால் தரையிலிருந்து பார்க்கிறவருக்கு அது வெறும் 10 கி.மீ. வேகத்தில், சைக்கிளைவிட மெதுவாக நகரும். திரும்பிக் காற்றோடு சேர்ந்து வரும்போது அதே விமானம் 60 கி.மீ. வேகத்தில் தலைக்கு மேல் பாயும். 100 மீட்டர் மைதானம் ஆறே விநாடியில் தீர்ந்துவிடும். புதியவர் அந்த வேகத்தைப் பார்த்துப் பதறி, த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) குறைத்து, எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலை) இழுப்பார். காற்றைப் பொறுத்தவரை விமானம் இன்னும் அதே 35-இல்தான் இருக்கிறது. இழுத்ததும் அந்த வேகமும் செத்து, ஒரு இறக்கை சரிந்து, மூக்குக் குத்தி விழும். "ரேடியோ கட் ஆயிருச்சுங்க" என்று, அதாவது கையிலிருக்கும் கன்ட்ரோலரோடு தொடர்பு அறுந்துவிட்டதாக, சொல்லப்படும் விபத்துகளில் பல, பக்கத்தில் நின்று பார்த்தால் இதுதான்.

அடுத்தது அழகில் மயங்குவது. இரண்டாம் உலகப்போர்ச் சண்டை விமானம், ஜெட், தேஜஸ் மாதிரி முக்கோண இறக்கை எல்லாம் மேசையில் வைத்துப் பார்க்க அம்சமாக இருக்கும். பறக்கும்போது இறக்கைப் பரப்பும் எடையும்தான் பேசும். 1.2 மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள இறக்கையின் பரப்பு 24 சதுர டெசிமீட்டர் (பத்துக்குப் பத்து செ.மீ. கட்டங்கள் 24). மொத்த எடை 800 கிராம் என்றால் ஒவ்வொரு சதுர டெசிமீட்டரும் 33 கிராம் சுமக்கிறது. இது சுமார் 24 கி.மீ. வேகம் வரை மெதுவாக வந்தாலும் தாங்கும். 80 செ.மீ. நீளம், சராசரி 14 செ.மீ. அகல இறக்கையோடு 650 கிராம் எடையுள்ள சின்னச் சண்டை விமானத்தில் அதே கணக்கு 58 கிராமுக்குப் போய்விடும். 32 கி.மீ.க்குக் கீழே வந்தாலே விழும். எட்டு கி.மீ. வித்தியாசம் என்ன பெரிதா என்று தோன்றும். ஆனால் இறக்கும் நேரத்தில் யோசிக்கக் கிடைக்கும் அவகாசம் அந்த எட்டில்தான் இருக்கிறது. கடையில் விசாரிக்கும்போது இறக்கைப் பரப்பையும் பேட்டரியோடு சேர்த்த எடையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எடையைப் பரப்பால் வகுத்துச் சதுர டெசிமீட்டருக்கு 40 கிராமுக்கு மேல் வந்தால் முதல் விமானமாக வேண்டாம் என்பது என் எண்ணம்.

"சின்னதா ஒண்ணு வாங்கிப் பழகிட்டு அப்புறம் பெருசுக்குப் போறேன்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் விமானம் கூரை உயரத்து இளங்காற்றிலேயே தத்தளிக்கும். 50 மீட்டர் தள்ளிப் போனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பெரிய இறக்கை நிதானமாகப் பறக்கும், தூரத்திலும் தெரியும். இறக்கை நீளம் 1 முதல் 1.4 மீட்டர் வரை இருந்தால் பழக வசதி. அதற்கு மேல் போனால் பைக்கில் கொண்டுபோக முடியாது. அடிப்புறம் ஒரு நிறம், மேற்புறம் வேறு நிறம் இருந்தால் இன்னும் நல்லது. முழு வெள்ளை விமானம் வெயில் வானத்தில் காணாமல் போகும்.

பொம்மைக் கடைகளில் வரும் இரட்டை மோட்டார் விமானங்களை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். இடது மோட்டார், வலது மோட்டார் வேகத்தை மாற்றித்தான் அது திரும்பும். எலிவேட்டர் கிடையாது. அதில் பழகிய பழக்கம் உண்மையான விமானத்துக்கு உதவாது.

மூன்று சேனலா, நான்கு சேனலா என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். ரேடியோவிலிருந்து தனித்தனியாக இயக்கும் ஒவ்வொன்றும் ஒரு சேனல். த்ராட்டில், எலிவேட்டர், ரட்டர் (இடம் வலம் திருப்பும் வால் மடல்) மூன்றும் இருந்து, இறக்கை உடம்புக்கு மேலே பொருத்தப்பட்டு, இரு முனைகளும் சற்றே மேல்நோக்கி வளைந்திருந்தால் ரட்டரைக் கொடுத்தாலே விமானம் சாய்ந்து திரும்பும், ஸ்டிக்கை விட்டால் தானாக நிமிரும். நிதானமாகப் பழக நினைப்பவருக்கு இதுவே போதும். சிமுலேட்டரில் ஏற்கெனவே கை பழகியவர் எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல்) உள்ள நான்கு சேனல் ட்ரெய்னருக்கு நேராகப் போகலாம். ரேடியோ மட்டும் ஆறு சேனலாக வாங்குங்கள். ஃபிளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 மாதிரி ஒன்று, விமானங்கள் மாறினாலும் பல வருடம் கூட வரும். அதிலும் ‘மோடு 2’ தானா என்று பார்த்து வாங்குங்கள். த்ராட்டில் இடது கையில் இருப்பது அது. இங்கே பெரும்பாலோர் அதில்தான் ஓட்டுகிறார்கள். நீங்கள் மட்டும் மோடு 1 வாங்கினால், விமானம் தடுமாறும்போது ரேடியோவை வாங்கிக் காப்பாற்றிக் கொடுக்கப் பக்கத்தில் ஆளிருந்தும் புண்ணியமில்லை.

விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிவிடும். எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினால் நிமிரும். இதைச் செல்போனிலேயே பழகலாம். பிகாசிம் மாதிரி இலவச சிமுலேட்டர்கள் இருக்கின்றன. பேட்டரி, ப்ராப் (மோட்டாரில் சுழலும் விசிறி) செலவில்லாமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் விழலாம்.

ஜைரோ (சாய்வை உணர்ந்து தானே சரிசெய்யும் கருவி) இருந்தால் எவரும் ஓட்டலாம் என்று விற்பார்கள். ஜைரோ இறக்கையை நிமிர்த்தி வைக்கும், அவ்வளவுதான். காற்று விமானத்தைத் தள்ளிக்கொண்டு போவது அதற்குத் தெரியாது. நிமிர்ந்த நிலையிலேயே, மிக ஒழுங்காக, பக்கத்துத் தோட்டத்துத் தென்னை மட்டையில் போய் உட்காரும். பொள்ளாச்சிப் பக்கம் மரம் ஏறித் தர ஆள் பிடிப்பது விமானம் வாங்குவதைவிடப் பெரிய வேலை.

விழாமல் பழக முடியாது என்பதால் விழுந்தால் என்ன உடையும் என்பதையும் முன்பே பார்க்க வேண்டும். மூக்கில் மோட்டார் இருந்தால் ப்ராப், மோட்டார் ஷாஃப்ட், சில நேரம் மூக்கு முழுவதுமே போகும். இறக்கைக்குப் பின்னால் உயரத்தில் மோட்டார் வைத்த வகை தப்பித்துக்கொள்ளும். ஆனால் கையால் வீசும்போது ப்ராப் கைக்குப் பின்னால் சுற்றுவதால் விமானம் கையை விட்டுப் போன பிறகே த்ராட்டில் கொடுக்க வேண்டும். ஈபிபி ஃபோம் வளைந்து மீளும். தெர்மகோல் பொரிந்து உதிரும். சக்கரம் வேண்டாம். உழுத காட்டிலும் புல்லிலும் சக்கரம் மாட்டிக் குப்புறக் கவிழும். வயிற்றால் சறுக்கி இறங்குவதே நல்லது. தனியாக இறக்கை, வால், ப்ராப் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காதென்றால் அது ஒரே ஒரு விபத்துக்கான விமானம்.

வாங்கி வந்து மாட்டியதும் எடைச் சமன் பார்க்காமல் விடுவது அடுத்த தவறு. பேட்டரியோடு சேர்த்து, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இரண்டு விரல் நுனியில் தூக்குங்கள். கையேட்டில் இடம் குறித்திருந்தால் அதுவே சரி. மூக்கு லேசாகத் தாழ்ந்தால் பரவாயில்லை. வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே தள்ளாமல் வீசாதீர்கள்.

இனி இடம். காங்கயம், வெள்ளக்கோவில், மூலனூர்ப் பக்கத்துக் கொரங்காடுகளை (வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களை) போல ஆர்.சி.க்கு வாகான நிலம் வேறு கிடைக்காது. கொழுக்கட்டைப் புல், விழுந்தாலும் மெத்தை. சுற்றிலும் கிளுவை வேலி. நடுவே ஆங்காங்கே நிற்கும் வெள்வேல மரத்தைத்தான் கவனிக்க வேண்டும், அதன் முள் ஃபோமைத் துளைத்துவிடும். காட்டுக்காரரைக் கேட்காமல் உள்ளே போகாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அவர்கள் கவலை வேறு.

"ஏங் கண்ணு, இது மாட்டு மேல உளுந்துச்சுன்னா?"

"மாடு அந்தக் கோடிக்குப் போனதுக்கப்புறந்தானுங்கய்யா உடுவோம்."

"அப்ப செரி. போகையில படலைச் சாத்திட்டுப் போ."

மின்கம்பி போகும் காட்டைத் தவிர்த்துவிடுங்கள். விமான நிலையங்களையும் மறக்க வேண்டாம். பீளமேட்டில் கோவை நிலையம், சூலூர் விமானப்படைத் தளம், ஓமலூர் அருகே சேலம் நிலையம் எல்லாம் நம் வட்டாரத்திலேயே இருக்கின்றன. ஆர்.சி. விமானத்துக்கும் பொருந்தும் ட்ரோன் விதிகள், 2021-இன்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 60 மீட்டர் உயரத்துக்கு மேல் அனுமதியின்றிப் பறக்க முடியாது. அதைவிட நெருக்கமாக வேண்டவே வேண்டாம். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த நிறத்தில் (எந்த அனுமதி மண்டலத்தில்) இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானத்தின் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை ஈரோட்டு வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போகாதீர்கள். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் நிறைவு. 3.5-க்குக் கீழே இறக்காதீர்கள், சும்மா வைத்திருக்கும் நாட்களில் 3.8-இல் வையுங்கள். வீங்கினால் உடனே ஒதுக்கிவிடுங்கள். விமானத்தில் மிச்சம் பிடித்தாலும் சார்ஜரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒவ்வொரு செல்லையும் சமன்செய்து ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரே வேண்டும்.

பழைய விமானம் கைமாறி வாங்குகிறவர்கள் பேட்டரியை மாட்டச் சொல்லி, ஸ்டிக்கை மூலைக்கு மூலை ஆட்டிப் பாருங்கள். சர்வோ (மடல்களை அசைக்கும் சின்ன மோட்டார்) நடுங்கினாலோ கிரீச்சென்று சத்தம் போட்டாலோ உள்ளே தேய்ந்தோ பல்சக்கரத்தின் பல் போயோ இருக்கலாம். ஒட்டிய இடத்தை லேசாக வளைத்துப் பாருங்கள். ஒட்டியிருப்பது தப்பில்லை, ஒட்டியது கோணியிருந்தால்தான் தப்பு. வால் நேராக இருக்கிறதா என்று பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிறகு ரேடியோவை ரேஞ்ச் செக்கில் (சிக்னலைக் குறைத்துத் தொடர்பைச் சோதிக்கும் நிலையில்) போட்டு முப்பது நாற்பது தப்படி எட்டி நடந்து ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது, எடுத்துட்டுப் போங்க" என்று அவசரப்படுத்துகிறவரிடம் ப்ராப்கூட வாங்காதீர்கள்.