மட்டக்களப்பிலிருந்து ஆசிய நெடுஞ்சாலையில் பயணிக்கத் திட்டமிடுவது எப்படி?

ஆசிய நெடுஞ்சாலை புதிதாகப் போடப்பட்ட ஒற்றை வீதியன்று. 1959இல் ஐக்கிய நாடுகள் சபையின் முயற்சியாகத் தொடங்கி, 2003இல் ஏற்கப்பட்டு, 2005இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி, 32 நாடுகளின் வீதிகளைப் பொது இலக்கங்களால் இணைக்கும் வலையமைப்பு அது. ஆகவே, தூரத்தைக் கணக்கிடுவதற்கு முன்னர், கடக்கவேண்டிய எல்லைகளையும் அவை திறந்திருக்கின்றனவா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

இலங்கையில் இதன் தடங்கள் இரண்டு. ஏ.எச். 43 (ஏ.எச். என்பது ஆசிய நெடுஞ்சாலையின் ஆங்கிலச் சுருக்கம்) மாத்தறையிலிருந்து கொழும்பு, குருணாகல், தம்புள்ளை வழியாகத் தலைமன்னாரை அடைந்து, கடலுக்கு அப்பால் தனுஷ்கோடியில் தொடங்கி மதுரை, பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர் ஊடாக ஆக்ரா வரை செல்கிறது. ஏ.எச். 44 தம்புள்ளையைத் திருகோணமலையுடன் இணைக்கிறது. இரண்டும் நமது மாவட்டங்களைத் தொடவில்லை என்றாலும் இணைப்பு கடினமானதன்று. அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்தவர்கள் ஏ4 வீதியால் மட்டக்களப்புக்கு வந்து, வாழைச்சேனை, ஓட்டமாவடி தாண்டி, நாவலடிச் சந்தியில் திருகோணமலை வீதியைத் தவிர்த்துப் பொலன்னறுவை வீதியில் சென்றால், ஹபரணையில் ஏ.எச். 44ஐச் சந்திப்பார்கள். மின்னேரியாவில் யானைகள் வீதியைக் கடப்பதால் அந்தப் பகுதியைப் பகலிலேயே கடந்துவிடுங்கள்.

கடலே முதலாவது தடை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே பாலமும் இல்லை, படகுச் சேவையும் இல்லை. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. 2023இல் தொடங்கிய காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் பயணிகளுக்கானது; அதுவும் காலநிலையைப் பொறுத்து இடைநிறுத்தப்படுவதால், புறப்படுமுன் உறுதிசெய்யுங்கள். சொந்த வாகனத்தைக் கொண்டுசெல்ல விரும்பினால், அதைக் கொள்கலனில் சரக்குக் கப்பலில் அனுப்ப வேண்டும். முதற் பயணத்தில் வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு, இந்தியாவின் பேருந்துகளிலும் புகையிரதங்களிலும் இத்தடத்தைப் பின்பற்றுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

வாகனத்துடன்தான் செல்வீர்கள் என்றால், கார்னே எனப்படும் சுங்கப் பிணைப் புத்தகம் இன்றியமையாதது. வாகனத்தைச் செல்லும் நாட்டில் விற்காமல் திருப்பிக் கொண்டுசெல்வோம் என்பதற்கான உத்தரவாதமான இதனை இந்தியா, பாகிஸ்தான், ஈரான் ஆகியவை கேட்கின்றன. இதற்குக் கணிசமான பிணைத்தொகை வைக்க வேண்டியிருக்கும். புத்தகம் ஓராண்டுக்கே செல்லுபடியாகும். நுழையும்போதும் வெளியேறும்போதும் உரிய பக்கத்தில் சுங்க முத்திரை விழுந்துள்ளதா என்று நீங்களே பார்க்க வேண்டும். வெளியேறிய முத்திரை இல்லாவிட்டால், வாகனம் அந்நாட்டிலேயே இருப்பதாகக் கருதி வரி கேட்கப்படும். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பிலுள்ள ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒப் சிலோன் வழங்குகிறது; கார்னே பற்றியும் முதலில் அங்கேயே விசாரியுங்கள்.

ஆக்ராவில் நீங்கள் சந்திப்பது, டோக்கியோவிலிருந்து துருக்கியின் பல்கேரிய எல்லை வரை 20,557 கிலோமீற்றர் நீளும் ஏ.எச். 1. மேற்கே திரும்பினால் பாகிஸ்தானுடனான அட்டாரி எல்லையும், கிழக்கே திரும்பினால் பங்களாதேஷைக் கடந்து, மியன்மாருடனான மணிப்பூரின் மோரே எல்லையும் வரும். இவ்விரண்டும் அரசியல் நிலைமைக்கேற்ப மூடப்படுபவை என்பதால், மாற்று வழியின்றி வீசாவுக்குப் பணம் கட்டாதீர்கள். வீதியின் பக்கமும் மாறும்: இந்தியாவில் நம்மைப் போல் இடப்பக்கம், மியன்மாரில் வலப்பக்கம், தாய்லாந்தில் மீண்டும் இடப்பக்கம், கம்போடியாவில் மறுபடி வலப்பக்கம். நமது வாகனங்களில் சுக்கான் வலப்புறம் இருப்பதால், வலப்பக்கம் ஓடும் நாடுகளில் முன்னால் செல்லும் லொறியை முந்தும்போது எதிரே வருவது சாரதிக்குத் தெரியாது; பக்கத்து ஆசனத்தில் விழிப்பான ஒருவர் அமர்ந்து வழி சொல்ல வேண்டும்.