தராசு அசையாத மாதங்களில் என்ன செய்வது: மலைநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

முதல் இரண்டு மாதத்தில் நாலைந்து கிலோ இறங்கியிருக்கும், உடுப்பு தொளதொளத்திருக்கும், பார்த்தவர்களும் "என்ன, மெலிஞ்சிட்டீங்க" என்று கேட்டிருப்பார்கள். அப்புறம் தராசு நின்றுவிடும். ரொட்டியைக் குறைத்தாயிற்று, விடிய எழும்பி நடந்தாயிற்று, ஆனாலும் கிழமைக்குக் கிழமை அதே எண். நிறையப் பேர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். அட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு, இங்கே கிடைப்பதைச் சாப்பிட்டு, இங்கே இருக்கிற மேட்டிலும் மழையிலும் ஒரு புது ஆள் செய்யக்கூடியதை மட்டும் கீழே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடை இறங்காமல் நிற்கிறது என்றால் உங்கள் முயற்சி வீண் என்று அர்த்தமில்லை. இறங்கிய எடை திரும்ப ஏறாமல் நிற்கிறதே, அதைப் பிடித்து வைத்திருப்பது உங்கள் நடையும் உங்கள் சாப்பாடும்தான். இரண்டையும் விட்டுவிட்டால் அது அங்கே நிற்காது.

ஏன் நிற்கிறது?

சாப்பாட்டிலிருந்து வரும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைகோஜன் என்ற வடிவில் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது, அதில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து இருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் போவது இந்தச் சேமிப்பும் தண்ணீரும்தான், அதனால்தான் முதல் கிழமைகளில் எடை மளமளவென்று இறங்குகிறது. அந்த வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு ஆறாம் மாதத்தையும் அளந்தால் ஏமாற்றம்தான் வரும்.

அடுத்தது, எடை குறைந்த உடம்புக்குத் தேவையும் குறைவு. 80 கிலோவில் இருந்தவர் 74க்கு வந்துவிட்டால், அதே வேலையைச் செய்ய ஒரு நாளைக்கு நூறு கலோரிக்கு மேல் குறைவாகச் செலவாகலாம். பசியோ எதிர்ப்பக்கம் இழுக்கிறது. 2016இல் வெளியான ஒரு ஆய்வுக் கணக்கின்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளொன்றுக்கு சுமார் 100 கலோரி அளவு கூடுகிறது. ஆகவே சாயங்காலம் ஐந்து மணிக்கு பிஸ்கட் டின்னைத் தேடிக் கை போனால் உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று திட்டிக்கொள்ளாதீர்கள், உடம்பு தன் வேலையைச் செய்கிறது.

நம் ஆட்களுக்கு மட்டும் பொருந்துகிற இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். நம் அம்மாமாரும் பாட்டிமாரும் விடியக் காலையில் ரொட்டியும் சம்பலும் சீனி போட்ட தேத்தண்ணியும் குடித்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறித்தார்கள். அந்தச் சாப்பாடு அந்த வேலைக்குச் சரியாக இருந்தது. இன்றைக்கு நாம் பாடசாலையிலும் கடையிலும் ஒபிஸிலும் உட்கார்ந்திருக்கிறோம், தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

படி 1: நிஜமாகவே நின்றிருக்கிறதா என்று பாருங்கள்

ஒரே நாளுக்குள் ஒரு கிலோ, சில சமயம் இரண்டு கிலோகூட தண்ணீரால் ஏறி இறங்கும். இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், மறுநாள் தராசு கூடக் காட்டும். புதிதாக ஒரு உடற்பயிற்சி தொடங்கினால் தசை கொஞ்சம் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் எடை கூடும், அதனால் போன கிழமையோடு ஒப்பிடாமல் போன மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிடுங்கள்.

நம் ஊரில் உடுப்பும் ஒரு பெரிய விஷயம். நுவரெலியாக் குளிரில் சுவெட்டர், அதற்கு மேல் ஜெக்கெட், காலில் சப்பாத்து என்று பார்மசித் தராசில் ஏறினால் உடுப்பே ஒரு கிலோவைத் தாண்டிவிடும். வீட்டில் தராசு இருந்தால் சீமெந்துத் தரையில் மேடு பள்ளம் இல்லாத ஓர் இடத்தைக் குறித்து வைத்து, எப்போதும் அங்கேயே வையுங்கள். காலையில் மலசலகூடம் போய்வந்து, வெறும் வயிற்றோடு, மெல்லிய உடுப்போடு ஏறிப் பாருங்கள். கிழமைக்கு இரண்டு நாள் போதும், கலண்டரில் எழுதுங்கள். நாலு கிழமை இப்படி எழுதியும் எண் இறங்கவே இல்லை, இடுப்பளவும் மாறவில்லை என்றால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம். பத்து நாள் அசையாமல் இருந்ததற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம்.

படி 2: தையல் டேப்பை எடுங்கள்

தையல்காரர் பாவிக்கும் டேப் ஒன்று வாங்குங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை விட்ட பிறகு அளந்து பாருங்கள். தெற்காசியர்களுக்கு ஆணென்றால் 90 சென்ரிமீற்றர், பெண்ணென்றால் 80 சென்ரிமீற்றர் என்பதுதான் எல்லைக்கோடு, அதைத் தாண்டினால் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வாய்ப்புக் கூடுகிறது. எடை நின்றிருக்கும்போது இடுப்பு இரண்டு சென்ரிமீற்றர் இறங்கியிருந்தால் கொழுப்பு குறைந்துகொண்டுதான் இருக்கிறது, நிம்மதியாகத் தொடருங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை போதும்.

படி 3: எங்கே கசிகிறது என்று தேடுங்கள்

இதற்கு மூன்று நாள் செலவழியுங்கள், அதில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். வாயில் போட்ட எல்லாவற்றையும் போனில் எழுதுங்கள், பிள்ளை மிச்சம் வைத்த பாண் துண்டு உட்பட. யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, அதனால் உண்மையை எழுதுங்கள்.

பெரும்பாலும் பதில் தேத்தண்ணிக் கோப்பையில் இருக்கும். ஒரு தேக்கரண்டி சீனி கிட்டத்தட்ட 4 கிராம், 16 கலோரி, குவித்துப் போட்டால் இன்னும் கூட. குளிருக்கு ஆறு கோப்பை குடிக்கிறோம், கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் நாளைக்கு 200 கலோரி அளவு சீனியிலேயே போய்விடுகிறது. பால்மா போட்டால் அது தனிக் கணக்கு, முழு ஆடைப் பால்மா 100 கிராமில் சுமார் 500 கலோரி இருக்கிறது. அரை மணி நேர நடையில் செலவானது இரண்டு மூன்று கோப்பையில் திரும்பி வந்துவிடும்.

தேத்தண்ணியை விடச் சொல்லமாட்டேன், அது நம்மால் முடியாது, தேவையும் இல்லை. ஒவ்வொரு கிழமையும் கோப்பைக்கு அரைக் கரண்டி சீனி குறையுங்கள், நாக்கு பழகிவிடும். சில பெரியவர்கள் செய்வதுபோல உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தாலும் பாதி குறையும். பால் தேத்தண்ணி காலையில் ஒன்று, மற்றதெல்லாம் வெறுந்தேத்தண்ணி என்று வைத்துக்கொள்வது நான் கண்டதில் லேசான வழி.

அடுத்து ரொட்டி. 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 350 கலோரி, அதில் தேங்காய்ப்பூ, தட்டில் தடவும் எண்ணெய் (ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி), பிறகு சம்பலில் திரும்பவும் தேங்காய். கையால் அள்ளிப் போடுகிற மாவு நாளாக நாளாகக் கூடிக்கொண்டே போகும், நமக்குத் தெரியாது. ஒரு கிழமை மட்டும் ஒரே கோப்பையால் அளந்து பிசையுங்கள். ரொட்டி ஒன்று, பக்கத்தில் ஒரு அவித்த முட்டை அல்லது அவித்த கடலை, ஒரு பிடி வல்லாரைச் சம்பல் என்று வைத்தால் பத்து மணிக்குப் பசிக்காது. புரதம் வயிற்றைத் தாக்குப்பிடிக்க வைக்கும், பயறு, கௌபி, நெத்தலி, முட்டை எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

சோற்றுத் தட்டில் பாதி மரக்கறி. லீக்ஸ், கோவா, கரட், போஞ்சி எல்லாம் நம் மண்ணிலேயே விளைகிறது, வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் உருளைக்கிழங்கை மரக்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள்; சோறு, கிழங்குக் கறி, கூடவே பப்படம் என்றால் அது மாவுச்சத்துக்கு மேல் மாவுச்சத்து.

இவ்வளவையும் ஒரே நாளில் மாற்றவே மாற்றாதீர்கள். ஒன்றை மட்டும் பிடித்து, நாலு கிழமை செய்து, அப்புறம் தராசையும் டேப்பையும் பாருங்கள். சாப்பாட்டை இன்னும் பாதியாக வெட்டுவதுதான் பலருக்கு முதலில் தோன்றும், அதை மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தசை குறையும், தலை சுற்றும், சனிக்கிழமை இரவு மொத்தமாகச் சாப்பிட்டு முடியும்.

படி 4: அதே நடையை மாற்றுங்கள்

ஆறு மாதமாக அதே ரோட்டில் அதே வேகத்தில் நடந்தால் உடம்புக்கு அது பழகிப்போகும். மேடு நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது, அதைப் பாவியுங்கள். பஸ்ஸை ஒரு ஹோல்ட் முன்னால் விட்டிறங்கி மேட்டுப் பக்கமாக ஏறுங்கள், பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவு மூச்சு வாங்க வேண்டும், அதுதான் சரியான வேகம். இறங்கும்போது அவசரப்படாதீர்கள், முழங்காலுக்கு அடி விழுவது இறக்கத்தில்தான். ரயில் தண்டவாளத்தில் நடக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர உழைப்பும், அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சியும் சொல்கிறது. இந்தத் தசைப் பயிற்சியைத்தான் நம் ஆட்கள் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஜிம் வேண்டாம். கதிரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழும்புங்கள், சுவரில் கை வைத்துப் பத்துத் தடவை தள்ளுங்கள், தண்ணீர் நிரப்பிய போத்தல் இரண்டைத் தூக்கி இறக்குங்கள், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பவும் இரண்டு சுற்று.

அட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை மழை, பதுளைப் பக்கம் வருடக் கடைசியில். ஆகவே மழைக்கு ஒரு திட்டம் இப்போதே எழுதி வையுங்கள்: "மழை பெய்தால் இஸ்தோப்பில் இருபது நிமிடம் கதிரைப் பயிற்சி." அந்த நேரத்தில் யோசிக்க விட்டால் போர்வைதான் வெல்லும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைக்கும் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. பெரும்பாலானவர்களுக்குப் போன எடையில் நிறையத் திரும்பியிருந்தது, உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தியும் எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. அதே ஆட்களை வைத்து அடுத்த வருடம் வந்த ஆய்வில், எடையைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் உடலை அசைத்தவர்கள் என்று தெரிந்தது. தராசு நின்றிருக்கும் மாதத்திலும் நடக்கச் சொல்வது இதற்காகத்தான்.

படி 5: மனதுக்குப் பிடிமானம்

இலக்கை எடையிலிருந்து கொஞ்ச நாளைக்குக் கழற்றி எடுங்கள். "70 கிலோவுக்கு வருவேன்" என்பது உங்கள் கையில் முழுதாக இல்லை, "இந்தக் கிழமை ஐந்து நாள் நடப்பேன்" என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. கலண்டரில் நடந்த நாளுக்கு ஒரு வட்டம், சீனி குறைத்த நாளுக்கு ஒரு கோடு. இரண்டு நாள் தொடர்ந்து வெறுமையாக விடக்கூடாது என்பது மட்டும் சட்டம்.

அப்புறம் உடம்பால் என்ன முடிகிறது என்று எழுதுங்கள். மேட்டு லயத்துக்கு எத்தனை தடவை நின்று மூச்சு வாங்கி ஏறினீர்கள், இப்போது எத்தனை? சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கத்தால் 5,000க்கும் மேற்பட்ட படிகள், டிசம்பர் பௌர்ணமியில் இருந்து மே மாத வெசாக் வரை பருவகாலம். அடுத்த பருவத்தில் ஏற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் தராசு நின்றிருக்கும் மாதங்களிலும் காலையில் எழும்ப ஒரு காரணம் இருக்கும்.

திருவிழா, கல்யாணம், தீபாவளி எல்லாம் வரும். "என்னா புள்ள, ஒரு ரொட்டியோட எந்திரிக்கிற, இன்னொன்னு வச்சுக்க" என்று மாமி கேட்டால் டயட் என்று விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள், சண்டைதான் வரும். "வயிறு நெறஞ்சிருச்சு மாமி, ஒன்னு கட்டித் தாங்க, காலையில சாப்பிடுறேன்" என்றால் அவர்களுக்கும் சந்தோஷம். அன்றைக்குக் கூடச் சாப்பிட்டுவிட்டால் மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம், அடுத்த வேளையை வழமைபோலச் சாப்பிடுங்கள்.

களைத்துப்போனால் இரண்டு கிழமை எடையைக் குறைக்க முயற்சிக்காமல், இருக்கிற எடையைக் காப்பாற்றுவது மட்டும் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடை தொடரும், எழுதுவது தொடரும், தட்டில் கொஞ்சம் கூடும். முடியும் திகதியை முதலிலேயே குறித்துவிடுங்கள்.

படி 6: டொக்டரிடம் போக வேண்டிய நேரம்

எல்லாம் ஒழுங்காகச் செய்து இரண்டு மூன்று மாதமாகியும் அசையவில்லை, அல்லது காரணமில்லாமல் ஏறுகிறது என்றால் தைராய்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓயாத களைப்பு, மலச்சிக்கல், முடி கொட்டுவது, மற்றவர்களைவிட அதிகமாகக் குளிர்வது இவைதான் அடையாளங்கள். கடைசியாகச் சொன்னதை நம் பக்கத்தில் "குளிர் ஊர்தானே" என்று தள்ளிவிடுகிறோம். வீட்டில் மற்றவர்கள் சாதாரணமாக இருக்கும்போது உங்களுக்கு மட்டும் விறைத்தால் கவனியுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வந்தால் சூலகத்தையும் பார்க்க வேண்டும். ஸ்டீரோயிட், இன்சுலின், சில மனநல மாத்திரைகள் எடையைக் கூட்டக்கூடியவை, ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்னரே டொக்டரிடம் சொல்ல வேண்டும், சீனி திடீரென்று இறங்கிவிடலாம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி எல்லாம் காசில்லாமல் பார்க்கிறார்கள். மெலிய வைக்கும் மாத்திரை, தூள், விசேஷத் தேயிலை எதையும் வாங்காதீர்கள்.

போனால் அவர்களிடமே இன்னொன்றையும் கேளுங்கள்: இப்போதிருக்கும் எடை போதுமா? தொடங்கிய எடையில் 5 வீதம் குறைந்தாலே, அதாவது 80 கிலோக்காரருக்கு 4 கிலோ, பலருக்கு இரத்த அழுத்தமும் சீனியும் நல்ல பக்கம் திரும்பத் தொடங்கும். உங்கள் அறிக்கையும் அப்படித் திரும்பியிருந்தால், அடுத்த ஆறு மாதம் இதே எடையில் நிற்பதையே வேலையாக வைத்துக்கொள்ளலாம், மிச்சக் கிலோவை அதற்குப் பிறகு பார்க்கலாம்.