நெடுந்தூர ஓட்டத்துக்குப் பழைய டீசல் கார் வாங்குவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

மாதத்தில் இருமுறை சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குச் சென்று திரும்புகிறவருக்கு அந்தப் பயணங்களிலேயே ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் ஓட்டம் சேர்ந்துவிடும். அத்தகைய ஓட்டம் உள்ளவர்களுக்காகவே இந்த விளக்கத்தை எழுதுகிறேன். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி தன் டீசல் கார்களை முழுவதுமாக நிறுத்திக்கொண்டது. டொயோட்டா எட்டியோஸும் அத்துடன் நின்றது. ஹோண்டா 2023இல் அதே வழியில் சென்றது. புதிய டீசல் கார்களில் தேர்வு இவ்வாறு சுருங்கிவிட்டதால், ஸ்விஃப்ட், டிசையர், அமேஸ் போன்ற சிறிய டீசல் வண்டி வேண்டுமென்பவர் பழைய கார் சந்தைக்குத்தான் போயாக வேண்டும். அங்கே நல்ல வண்டிகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் டீசல் இன்ஜினில் ஒரு பெரிய கோளாறு வந்தால், பல ஆண்டுகளாக எரிபொருளில் மிச்சம் பிடித்த பணம் ஒரே பில்லில் போய்விடும் என்பதால், பின்வரும் படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

முதல் படி: உங்கள் ஓட்டம் டீசலுக்கு ஏற்றதா என்று கணக்கிடுங்கள்

2024, 2025 ஆம் ஆண்டுகளில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 101 ரூபாயை ஒட்டியும் டீசல் 92 ரூபாய் 50 காசை ஒட்டியும் விற்றன. ஒரே அளவுள்ள இரு கார்களில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் டீசல் வண்டி 20 கிலோமீட்டரும் தருவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 16,800 ரூபாயும் டீசலுக்கு ஏறத்தாழ 11,600 ரூபாயும் செலவாகும். மாதத்துக்கு 5,200 ரூபாய் மிஞ்சும். அதே வண்டிகள் 800 கிலோமீட்டர் மட்டுமே ஓடினால் மிச்சம் 1,700 ரூபாயைத் தாண்டாது. டீசல் வண்டியின் சர்வீஸ் செலவு கூடுதல் என்பதால் அந்த 1,700 ரூபாயில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். மாதம் 1,500 கிலோமீட்டருக்குக் கீழே ஓடுகிறவர்களுக்குப் பழைய டீசல் காரை நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாம் படி: இன்ஜினைத் தேர்ந்தெடுத்த பிறகு காரைத் தேடுங்கள்

பலரும் முதலில் காரின் தோற்றத்தைப் பார்க்கிறார்கள். நெடுந்தூர ஓட்டத்துக்கு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, அந்த இன்ஜின் எத்தனை பட்டறைகளுக்குப் பழக்கமானது என்பதுதான். இரவு பத்து மணிக்கு உளுந்தூர்பேட்டைக்கு அருகில் வண்டி நின்றுவிட்டால், அங்குள்ள மெக்கானிக்குக் கை வைக்கத் தெரிந்த இன்ஜினாக அது இருக்க வேண்டும். ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், பழைய எர்டிகா, டாடா விஸ்டா, மான்ஸா, ஃபியட் புன்டோ எனப் பல கார்களில் பொருத்தப்பட்டதால் அதற்கு உதிரிபாகம் கிடைக்காத ஊர் அரிது. எட்டியோஸின் 1.4 லிட்டர் இன்ஜினுக்கு வேகம் குறைவு என்றாலும் உழைப்பு அதிகம். குடும்பம் பெரிதென்றால் 2.5 லிட்டர் இன்னோவா இருக்கிறது. ஆனால் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவாவுக்கும் சந்தையில் கேட்கும் விலை எளிதில் இறங்காது.

இந்தப் படியில் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு ஒத்து இயங்கவைக்க அந்த இன்ஜினில் இருப்பது டைமிங் செயினா டைமிங் பெல்ட்டா என்பது. மேலே சொன்ன மல்டிஜெட், எட்டியோஸ் ஆகியவற்றிலும் ஹோண்டாவின் 1.5 லிட்டர் டீசலிலும் இருப்பது செயின். பழைய இன்னோவா, ரெனோ டஸ்டர், ஃபோர்டு ஈகோஸ்போர்ட், ஃபோக்ஸ்வாகன் போலோவின் 1.5 லிட்டர் டீசல் ஆகியவற்றில் இருப்பது பெல்ட். பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜினைப் பிரிக்க வேண்டிய நிலை வரும். அதை மாற்றியதற்கான பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை 2022இல் நிறுத்திவிட்டதால் அதன் கார்கள் மலிவாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊரில் அதற்கு நல்ல பட்டறை இருந்தால் மட்டுமே அந்த மலிவு உங்களுக்குப் பயன்படும்.

பி.எஸ். 6 டீசல் காரில் புகைக்கரியைப் பிடித்துவைத்து எரிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும்போது அது தானாகவே சுத்தமாகிக்கொள்ளும். நகரத்துக்குள் மட்டும் ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், புதிதாக மாற்றுவதற்கு ஆகும் செலவோ பெரிது. எனவே பி.எஸ். 6 வண்டி வாங்குகிறவர் அது முன்பு எங்கே ஓடியது என்பதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

மூன்றாம் படி: வண்டியைப் பார்க்கப் போகுமுன் ஆவணங்களைப் பாருங்கள்

பதிவு எண் கிடைத்தவுடன் பரிவாகன் இணையதளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ எத்தனையாவது உரிமையாளர், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எதுவரை, காப்பீடு நடப்பில் உள்ளதா, கடன் நிலுவை பதிவாகியுள்ளதா, அபராதச் சலான்கள் உள்ளனவா என்று பார்த்துவிடலாம். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும், அதன்பின் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். 2012ஆம் ஆண்டு வண்டியை வாங்குகிறவர் 2027இல் அந்தச் செலவு தன் தலையில் விழும் என்பதை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் போர்டில் வாடகைக்கு ஓடிப் பின்னர் சொந்த உபயோகத்துக்கு மாற்றப்பட்ட வண்டிகளும் விற்பனைக்கு வரும். டிசையர், எட்டியோஸ் இரண்டிலும் இது அதிகம்.

டெல்லிப் பதிவு வண்டிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது; 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதிலிருந்து அங்குள்ள டீசல் கார்கள் குறைந்த விலையில் மற்ற மாநிலங்களுக்கு வருகின்றன. விளம்பரத்தில் உள்ள விலையுடன் என்.ஓ.சி. எனும் தடையின்மைச் சான்று, தமிழ்நாட்டின் ஆயுள் வரி, மறுபதிவு, கொண்டுவரும் செலவு ஆகிய நான்கையும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளூர் வண்டியின் விலையே வந்து நிற்கும்.

நான்காம் படி: எத்தனை கிலோமீட்டர் என்பதோடு எப்படி ஓடியது என்றும் கேளுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். எட்டு ஆண்டு பழைய டீசல் கார் 60,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியிருக்கிறது என்றால் உடனே மகிழ்ந்துவிடுகிறோம். டீசல் காரை ஒருவர் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதே அதிகம் ஓட்டுவதற்காகத்தான் என்பதால், அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்ததும் நமக்குச் சந்தேகம் வர வேண்டும். மீட்டரைக் குறைப்பது சிறிய கருவி ஒன்றால் சில நிமிடங்களில் முடிகிற வேலை. எண் உண்மையாகவே இருந்தாலும், தினமும் நான்கு கிலோமீட்டர் நகர நெரிசலில் ஓடி, இன்ஜின் சூடேறும் முன்பே அணைக்கப்பட்ட வண்டியில் கரி சேர்ந்திருக்கும், கிளட்ச் தேய்ந்திருக்கும். மாறாக, மாதம் 2,500 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடி ஐந்து ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்தைத் தொட்ட, ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் பில் வைத்திருக்கும் விற்பனைப் பிரதிநிதியின் வண்டியை நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன்.

அந்த எண்ணைச் சரிபார்க்க, கம்பெனி சர்வீஸ் மையத்தில் உள்ள பதிவுகளை உரிமையாளர் மூலமாகக் கேட்டு வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 40,000 கிலோமீட்டர் ஓடியதாகச் சொல்லப்படும் காரில் நான்கு டயர்களும் மாற்றப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். கிளட்ச் பெடல் ரப்பரும் ஸ்டியரிங் உறையும் ஓட்டுநர் இருக்கையின் ஓரமும் மீட்டரை விட உண்மையைச் சொல்லும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும் 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலும் நீரில் நின்ற கார்கள் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை கோடாகத் தெரியலாம். தரைவிரிப்பைத் தூக்கி இருக்கையின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று பார்ப்பதும், டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள வயர் இணைப்புகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் ஐந்து நிமிட வேலைகள்.

ஐந்தாம் படி: ஆறிய இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள்

நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, காலையில் போங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். ஆறிய இன்ஜின் உடனே பிடித்துக்கொள்ள வேண்டும். நீண்ட நேரம் கிராங்க் ஆகித் தயங்கிப் பிடித்தால் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலோ டீசல் அழுத்தத்திலோ கோளாறு இருக்கலாம். நம் சமவெளி வெப்பத்தில் ஆறிய இன்ஜினைச் சூடேற்றி ஸ்டார்ட் ஆக உதவும் குளோ பிளக் பழுதானாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்த் தங்கும் முதல் காலையில்தான் அது தெரியவரும் என்பதால் மெக்கானிக்கைக் கொண்டு தனியாகச் சோதித்துவிடுங்கள்.

அடுத்து ஒருவரை ஆக்சிலேட்டர் மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். அழுத்தி மிதிக்கும்போது சற்றே கரும்புகை வந்து மறைந்தால் பழைய டீசலில் அது இயல்பு. தொடர்ந்து வந்தால் காற்று வழியிலோ இன்ஜெக்டரிலோ குறை. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கும். இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் இன்ஜினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் மீது சந்தேகம் கொள்ள வேண்டும். இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்திப் பார்த்தால் லேசான ஆவி வரும். மூடி துள்ளும் அளவுக்குக் காற்று பீறிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஆயில் கறுத்திருப்பதைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம், டீசலில் புது ஆயிலும் சில நாட்களிலேயே கறுத்துவிடும்.

இந்த இடத்தில் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப் போவது அவசியம். அவர் கேட்கும் கட்டணம் ஒரு இன்ஜெக்டரின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அழிக்கப்பட்ட எச்சரிக்கைக் குறியீடுகள், ஒவ்வொரு சிலிண்டருக்குமான இன்ஜெக்டர் திருத்த அளவு, டர்போ அழுத்தம் ஆகியவற்றை அவர் பார்த்துச் சொல்லட்டும். வண்டியை விற்பவரே ஏற்பாடு செய்யும் மெக்கானிக் வேண்டாம்.

ஆறாம் படி: நெடுஞ்சாலையில் ஓட்டிப் பாருங்கள்

தெருவைச் சுற்றி வருவது சோதனை ஆகாது. ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு குறைந்தது 30 கிலோமீட்டராவது, அதில் பெரும்பகுதி 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில், ஓட்ட வேண்டும். ஐந்தாம் கியரில் மெதுவாகச் செல்லும்போது ஆக்சிலேட்டரை முழுவதுமாக மிதித்தால், இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுழற்சியை நெருங்கும்போது டர்போ பிடித்து இழுப்பது முதுகில் தெரிய வேண்டும். சுழற்சி ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கியர் போடாமல் நிற்கும்போது கேட்கும் கடகடவென்ற ஒலி கிளட்சை மிதித்தவுடன் மறைந்தால், இன்ஜின் அதிர்வைத் தணிக்கும் இரட்டை ஃப்ளைவீல் உள்ள மாடல்களில் அதன் தேய்மானத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள், அதை மாற்றுவது பெரிய செலவு. வெப்பமானியின் முள் வழக்கமான இடத்திலிருந்து நகரக் கூடாது. திரும்பி வந்து நிறுத்தியபின் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். புதிய ஆயில் சொட்டு இருக்கிறதா என்பதோடு, கடலோர ஊர்களில் ஓடிய வண்டியென்றால் துருவையும் கவனியுங்கள்.

ஏழாம் படி: விலை, பணம், பெயர் மாற்றம்

டயர், டைமிங் பெல்ட், கிளட்ச், பேட்டரி ஆகியவற்றில் எவை விரைவில் மாற்றப்பட வேண்டுமோ அவற்றின் விலையை ஒரு தாளில் எழுதி, அதைக் காட்டியே பேசுங்கள். காரணத்தோடு கேட்கும் விலைக்கு விற்பவர் பெரும்பாலும் இறங்கி வருவார். வண்டியின் விலையில் பத்தில் ஒரு பங்கையாவது பின்னர் வரும் பழுதுகளுக்காகக் கையில் வைத்துக்கொண்டுதான் முடிக்க வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் கையொப்பமும், கடன் இருந்து முடிந்திருந்தால் கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35உடன் வங்கியின் என்.ஓ.சி.யும், வேற்று மாநில வண்டி என்றால் படிவம் 28இன்படி பெற்ற தடையின்மைச் சான்றும் கைக்கு வராமல் முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். மாற்றாத நிலையில் விபத்து நேர்ந்தால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காமல் போகலாம். முந்தைய உரிமையாளர் இழப்பீடு கோராததற்காகப் பெற்ற நோ கிளெய்ம் தள்ளுபடி அவருக்கே உரியது, காருடன் வராது. அதனால் பிரீமியத்தில் ஒரு வித்தியாசத் தொகை கட்ட நேரும்.

எட்டாம் படி: முதல் நெடும்பயணத்துக்கு முன்

விற்பவர் நேற்றுத்தான் சர்வீஸ் செய்தேன் என்றாலும் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். அன்றைய தேதியும் மீட்டர் எண்ணும்தான் இனி உங்கள் கணக்கின் தொடக்கம். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுவது இன்ஜெக்டரின் ஆயுளைக் காக்கும். நம்பிக்கையான ஒன்றிரண்டு பெட்ரோல் பங்க்குகளிலேயே டீசல் நிரப்புவதும் அதற்காகத்தான். நெடுநேரம் வேகமாக ஓட்டி வந்து டீக்கடையில் நிறுத்தும்போது சாவியை உடனே திருப்பாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தால் டர்போ ஆறும். முதல் 1,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்வரை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும், இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஆயில் அளவையும் கூலன்ட் அளவையும் பார்த்துக் குறித்துவையுங்கள். இரண்டில் ஏதேனும் ஒன்று குறைந்திருந்தால் அதை நிரப்பிவிட்டு அப்படியே கிளம்பாமல், எங்கே போனது என்று பட்டறையில் காட்டிவிட்டுப் புறப்படுங்கள்.