லெ மான் பந்தயத்தின் பழைய வேகக் குறிப்புகளைப் படிக்கும் முறை

பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தின் வேகக் குறிப்பு எதையும் எடுத்தவுடன் முதலில் ஆண்டைப் பாருங்கள். அதன் தடத்தில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீண்ட முல்சான் நேர்சாலையில் 1990-இல் வேகத்தைக் குறைக்கும் வளைவுகள் இரண்டு அமைக்கப்பட்டதால், அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது.

1988-இல் ரோஜர் டோர்ஷி ஓட்டிய டபிள்யூஎம் அணியின் கார் மணிக்கு 405 கிலோமீட்டரைத் தொட்டது. ஆனால் பந்தயத்தை முடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே எடைபோடுங்கள்.

அடுத்து, புறப்பாட்டு முறையைக் கவனியுங்கள். 1969 வரை ஓட்டுநர்கள் சாலையின் குறுக்கே ஓடிச் சென்று காரில் ஏறினர். அந்த அவசரத்தில் இருக்கைப் பட்டையைச் சரியாக மாட்டாமலே கிளம்பியவர்கள் உண்டு. வேகப் பதிவுகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: அதை எதிர்த்து ஓட்டுநர் ஜாக்கி இக்ஸ் 1969-இல் நடந்தே சென்று, பட்டையை நிதானமாக மாட்டி, கடைசியாகப் புறப்பட்டு, வெற்றியும் பெற்றார். 1970-இல் ஓட்டுநர்கள் பட்டை மாட்டி அமர்ந்த நிலையிலேயே பந்தயம் தொடங்கியது.